நான் ஒளித்து வைத்த பனங்கட்டி

என் ஆசை அப்பாவுக்கு,

இன்றைக்கு உயிரியல் வகுப்பில் நொதியங்களைப் பற்றிப் படித்தோம். பாடம் முடிந்ததும் ரீச்சரிடம் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றிக் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவவுக்குத் தெரியும். நெடுந்தீவில் எது தெரியாமல் இருக்கும்?

உங்களுக்கு நோய் என்று கிளினிக்கில் சொன்ன அன்று, குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்குக் காத்திருந்தபோது நான் போனில் வாசித்துக்கொண்டிருந்தேன். புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை அவசர அவசரமாக விழுங்கும் என்று அதில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும், இனிப்பு என்று பனங்கட்டியை எடுத்து ஒளித்துவிட்டேன்.

மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்து, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடிப்பீர்கள். அன்றிலிருந்து வெறும் தேத்தண்ணி. "டொக்குத்தர் அம்மா, ஒரு சின்னத் துண்டு தாங்கோவன். புண்ணாக்கு இல்லாட்டி மாடே என்னைத் திரும்பிப் பாராது" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு சோறும் இறங்காமல் போனது. ஒருநாள் அம்மா அயல்வீட்டில் பனங்கட்டி வாங்கி, உங்களுக்குக் களவாகக் கரைத்துத் தந்ததைக் கண்டேன். "நீங்கள்தான் அந்தக் கட்டிக்குத் தீன் போடுறியள்" என்று உங்கள் முன்னாலேயே அம்மாவை ஏசினேன். அம்மா கோப்பையைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் ஊற்றினா. அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே இல்லை. என்னில் கோபமா, அப்பா?

சீனியை நிறுத்தினாலும் ஈரல் குளுக்கோசைச் செய்து இரத்தத்தில் விடும் என்று ரீச்சர் சொன்னா. அந்தக் கலங்களில் நொதியங்களின் வேலையே மாறிப்போகிறதாம். குளுக்கோசை வேகமாக உடைத்து, தாங்கள் பெருகத் தேவையானதைச் செய்துகொள்ளுமாம். அது குறைந்தால் புரதத்தின் துண்டுகளையும் எடுக்குமாம். "ஒரு துண்டுப் பனங்கட்டியாலே அது வளராது பிள்ளை. மெலிஞ்சுபோற ஆளுக்குச் சாப்பாடுதான் பலம்" என்றா.

நான் வாசித்தது பொய் இல்லை. அரைவாசி வாசித்துவிட்டு உங்களை அதிகாரம் பண்ணினேன்.

நீங்கள் கண்ணை மூடிய நாளிலிருந்து அம்மாவும் வெறும் தேத்தண்ணிதான். பின்னேரம் மாமி வந்தா. ஏன் சீனி இல்லாமல் குடிக்கிறாய், விரதமோ என்று அம்மாவைக் கேட்டா. "அந்த மனுசனுக்கு நான்தான் இனிப்பைக் குடுத்து நோயைக் கூட்டினனான்" என்று அம்மா சொன்னா. நான் பக்கத்தில் புத்தகத்தோடு இருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டும் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதி முடித்ததும் அம்மா சமைக்கிற குசினிக்குப் போவேன். பிழை அம்மாவில் இல்லை, என்னில் என்று சொல்லுவேன். அவ ஏசினாலும் அழுதாலும் எழும்பிப் போகமாட்டேன். இது உங்களுக்குத் தரும் சொல்.

உங்களைப் பசியோடு அனுப்பிய,
உங்கள் மூத்த மகள்