மூடுபனியில் மேடேறியவர்கள்

செப்டம்பர் 19

இன்றும் படையணி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். காலையில் துடைத்த கண்ணாடிப் பெட்டி ஒன்றுவிடாமல் விரல் பதித்துவிட்டுப் போனார்கள். பராஸ்கா அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றதால் தரையாவது பிழைத்தது.

கிளிப்பிள்ளை மாதிரி வழக்கமான கதையைச் சொன்னேன். நம் படையணி பெரிய போரில் செஞ்சேனையின் டிவிஷனாகப் பிறந்தது. கணவாய்களைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து இங்கேயே தங்கியது. சோவியத் போனதும் டிவிஷன் சுருங்கிப் படையணியானது. பிறகு மலைப்படை என்று பெயர் மாறி, சட்டைக் கையில் வெள்ளை மலைப்பூ ஏறியது. பீரங்கிக்காரர்கள், டாங்கிக்காரர்கள் தனி. நடுவில் மலைக் காலாட்படை பட்டாலியன்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரே பள்ளத்தாக்கு ஆட்கள் கொத்துக் கொத்தாக இருப்பார்கள். அண்ணன் தம்பி, மச்சான், பக்கத்து வீடு. கல்யாண வீட்டில் இருப்பது போல.

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் கேட்டாள்: "மலைப்படைன்னா ஏன் சமவெளியில சண்டை போடுறாங்க?"

எதிரி அங்கேதான் வந்திருக்கிறான் என்றேன். அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

செப்டம்பர் 24

களத்திலிருந்து என் புருஷன் யோசிப் போனில் பேசினான். பாதிப் பேச்சு இரைச்சலில் போய்விட்டது. சார்ஜென்ட் ஆகிவிட்டான், ஆனால் அதே காட்டிலாகாக் காவலன்தான் இன்னும். போரைப் பற்றிக் கேட்டால் மரத்தைப் பற்றிச் சொல்கிறான்.

"ஏய் யுஸ்தி, இங்க ஒளியறதுக்கு ஒரு கல்லுகூட இல்லடி. வயலோரத்து ஒரு வரிசை மரத்த விட்டா இந்த ஊர்லயே உசரமானது உருளைக்கிழங்குச் செடிதான்."

அப்புறம், தூரத்தில் ஒரு மேடு இருக்கிறதாம். யாரோ ஆதிகாலத்து ராஜாவைப் புதைத்த மண்மேடு. நம் பயல்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், பட்டினி கிடந்தவன் அடுப்பைப் பார்ப்பது போல. சிரித்தான். நானும் சிரித்தேன்.

இல்கோ எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். பராஸ்கா அக்கா கேட்கச் சொல்லியிருந்தாள். நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான், குறட்டைதான் எதிரிக்குக் கேட்டுவிடும் என்றான். அக்காவிடம் குறட்டையை மட்டும் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. போன வருஷம் பேருந்து நிலையத்தில் மகனின் கையைப் பிடித்து யோசிப்பின் கையில் வைத்தவள். "உன் கூடவே வச்சுக்கோ, எங்க போனாலும்" என்றாள். அவனும் சரி என்றான்.

அக்டோபர் 2

பிளஸ் வந்தது.

அக்டோபர் 3

பிளஸ். காலையில் அறைக்குள் நுழைந்ததும் அக்கா தன் போனைக் காட்டுவாள், நான் என்னுடையதைக் காட்டுவேன். இருவரிடமும் அந்த ஒற்றைக் குறி இருந்தால்தான் தேநீர் போடுவோம். உயிரோடு இருக்கிறேன் என்று எழுத அங்கே யாருக்கும் நேரமில்லை. ஒரு குறி போதும்.

அக்டோபர் 5

இரண்டு போனிலும் இல்லை. சிக்னல் இருக்காது என்றேன். சார்ஜ் இருக்காது என்றாள் அக்கா.

அக்டோபர் 6

இல்லை.

அக்டோபர் 9

தேநீர் போடவில்லை, எத்தனையாவது நாளோ. அக்கா துடைத்த தரையையே திரும்பத் துடைக்கிறாள்.

அக்டோபர் 11

மேஜர் கூப்பிட்டனுப்பினார். அறையில் எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டிருந்தது. அந்த நாற்காலிகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

காணவில்லை. யோசிப், இல்கோ, இன்னும் இரண்டு பேர். நால்வரும் ஒரே இடத்தில், ஒரே காலையில். அந்த இடம் இப்போது எதிரி கையில். செத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. மேஜர் நல்ல மனிதர். எங்களைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசினார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யோசிப் கூடத்தான இருக்கான். அப்ப ஒண்ணும் ஆகாது" என்றாள்.

நான் என்னத்த சொல்ல? என்னத்தடா சொல்ல, யோசிப்?

அக்டோபர் 15

கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினோம். உயிரோடு இருப்பவர்களுக்கு மேலே, படத்துக்கு முன்னால் இருக்கும் தண்டில் ஏற்ற வேண்டும். செத்தவர்களுக்குக் கீழே, சிலுவை நிற்கும் குட்டை மேசையில். காணாமல் போனவனுக்கு எங்கே? சாமியாரிடம் கேட்க வாய் திறந்தேன். அக்கா என்னை இழுத்துக்கொண்டு நேரே மேலே போனாள். "கேக்கறதே பாவம்டி" என்றாள்.

எங்கள் தெரு மர்தா, கைக்குட்டையும் கையுமாக ஆறுதல் சொல்ல வந்தாள். அக்கா அவளைப் பேசவே விடவில்லை. என் மகன் செத்தானென்று உனக்கு யார் தந்தி அடித்தது, போய் உன் கோழியைப் பார் என்றாள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததே என்று அழுகையும் வந்தது.

நவம்பர் 21

மித்ரோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறான். யோசிப்பின் கம்பெனி, மேலைத் தெருக்காரன். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நான் மட்டும் போனேன். அக்காவுக்கு இன்று மூட்டுவலி. கடவுளே, அந்த மூட்டுவலிக்கு நன்றி.

முதலில் காலைப் பற்றி ஏதேதோ கேலி பேசிக்கொண்டிருந்தான். இனிமேல் செருப்புச் செலவு பாதிதான் அண்ணி, என்கிற மாதிரி. பிறகு சொன்னான்.

வயலோரத்து மரவரிசைக்குள் பள்ளம் தோண்டி இருக்க வேண்டும், அதுதான் உத்தரவு. விடியும்போது மூடுபனி. குண்டு விழ ஆரம்பித்தது. யோசிப் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏறிவிட்டான்.

"நானா இருந்தாலும் ஏறியிருப்பேன், அண்ணி. பனி வந்தா மேல ஏறுன்னுதான நம்மூர்ல பேச்சு. அண்ணன் காலு தானா மேல ஏறிடுச்சு."

ஆமாம். இங்கே குழந்தைக்கும் தெரியும். பனி பள்ளத்தாக்கில் தங்கும். ஆடு மேய்ப்பவன் முகட்டுக்கு ஏறினால் வெயிலில் நிற்பான், கீழே ஒன்றும் தெரியாது, கீழிருப்பவனுக்கு அவனும் தெரியமாட்டான். யோசிப் நாற்பது வருஷமாக அப்படித்தான் ஏறினான். அங்கே பனி அப்படி இல்லையாம். ஒரே மூச்சில் மொத்தமும் விலகிவிட்டதாம். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான நிலம், நடுவில் ஒரு மேடு, மேட்டின் மேல் நாலு பேர். வானத்தில் ட்ரோன்.

செத்ததைப் பார்த்தாயா என்று கேட்டேன். மேடு இருந்த இடத்தில் புகைதான் இருந்தது என்றான். புகை போனபின் மேடே பாதிதான் இருந்ததாம்.

இல்கோ போக மாட்டேன் என்றானாம். மரத்தடியிலேயே இருக்கலாம் என்றானாம். யோசிப்தான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "அம்மாக்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்டா, என்கூட வா" என்று.

நவம்பர் 22

வேலைக்குப் போனேன். மித்ரோ என்ன சொன்னான் என்று அக்கா கேட்டாள். அவன் அப்போது பின்னால் சாமான் சுமந்துகொண்டிருந்தான், ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். பிறகு போய்ப் பீரங்கிக் குண்டு வைத்த பெட்டியைத் துடைத்தேன்.

யோசிப் மேல் கோபம் கோபமாக வருகிறது. உத்தரவு என்று ஒன்று இருந்ததே. மரத்தைப் பற்றி அவ்வளவு பேசுவாயே, அன்றைக்கு மரத்தடியில் இருந்தால் என்ன? அப்புறம் அந்தக் கோபம் போய்விடுகிறது. அது போனால் மிச்சம் எதுவுமே இல்லை.

டிசம்பர் 12

மேஜர் புதுச் சுவர் ஒன்று தயார் செய்யச் சொன்னார். விழுந்தவர்களின் படங்கள், பட்டாலியன் வாரியாக, கம்பெனி வாரியாக. ஆணி அடித்து அடித்து விரல் வீங்கிவிட்டது. படையணி எப்படி அமைந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சுவரைக் காட்டினால் போதும். எந்தப் பள்ளத்தாக்கு எந்தக் கம்பெனி என்று முகங்களே சொல்லும், ஒரே மூக்கு, ஒரே தாடை. காணாமல் போனவர்களுக்கு அந்தச் சுவரில் இடமில்லை. யோசிப்பின் கம்பெனியில் கொஞ்சம் இடம் விட்டு அடித்தேன். அக்கா கவனித்தாள். 

ஜனவரி 6

ஊர் முழுக்கக் கிறிஸ்துமஸைப் புதுத் தேதிக்கு மாற்றியாகிவிட்டது. பராஸ்கா அக்காவுக்கு மட்டும் திருவிருந்து இன்றைக்குத்தான். கடவுளுக்குத் தேதி குழம்பினால் நான் பொறுப்பில்லை என்கிறாள். என்னையும் கூப்பிட்டாள். பூண்டும் தேனும், அவரைக் கூழ், காளான் சாறு, எல்லாம் முறைப்படி. மேசையில் நாலு தட்டு வைத்தாள்.

செத்தவர்களுக்கு வைத்த தட்டை அன்றைக்குக் கழுவக் கூடாது. அவர்கள் வந்து உண்ணட்டும் என்று அப்படியே விட்டுவிடுவோம். சாப்பிட்டு முடித்ததும் அக்கா எழுந்தாள். யோசிப்பின் தட்டையும் இல்கோவின் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள்.  நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

சொல்லவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுகிறவளிடம், உன் மகனை இழுத்துக்கொண்டு போனது என் புருஷன்தான் என்று எப்படிச் சொல்வது.

பிப்ரவரி 17

நாளை புதிய ஆட்கள் கிளம்புகிறார்கள். கிளம்புமுன் அறைக்கு வருவார்கள், கதை கேட்பார்கள், பழைய கொடியின் ஓரத்தை ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் மலைக்காரர்கள். பனி வந்தால் மேலே ஏறுகிறவர்கள்.

யாராவது சொல்லியிருப்பார்களா? மேஜரிடம் கேட்டேன். பயிற்சியில் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம் என்றார். யோசிப்புக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 18

சொல்லிவிட்டேன்.

டிவிஷன், கணவாய், மலைப்பூ எல்லாம் சொல்லி முடித்தேன். கொடியைத் தொட வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் ஸ்டெஃபான் என்று ஒருவன், மர அறுவைப் பட்டறைக்காரன், நாற்பது வயதிருக்கும். சேற்றுக் காலோடு வந்ததற்கு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அவன் கை கொடியில் படுமுன் நிறுத்தினேன். பனியில் மேட்டைப் பார்த்தால் ஏறாதீர்கள் என்றேன். நமக்கு ஏறத்தான் தோன்றும், ஏறாதீர்கள். நம் கம்பெனி சார்ஜென்ட் ஒருவர் ஏறினார். தன்னோடு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அதில் ஒருவன் வர மாட்டேன் என்றான், அவனையும் இழுத்துக்கொண்டு போனார். பனி விலகிவிட்டது. அவர் என் கணவர்.

நடைவழியில் துடைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவர்கள் போனபின் வெளியே வந்தேன். வாளி இருந்தது, துடைப்பம் இருந்தது. அக்கா இல்லை.

பிப்ரவரி 25

கோயிலில் அக்கா அந்தப் பக்கம் நின்றாள். நான் மெழுகுவர்த்தி வாங்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 8

அக்கா வேலைக்கு வருகிறாள், வேலையைச் செய்கிறாள், போகிறாள். என் மேசையை மட்டும் துடைப்பதில்லை. நானே துடைத்துக்கொள்கிறேன். திட்டினாலாவது தேவலை. கோழி கதை சொல்லி ஊரையே விரட்டியவள், எனக்கென்று ஒரு வசவுகூட வைத்திருக்கவில்லை.

மார்ச் 30

தேநீர்ப் பொட்டலம் காலாவதியாகிவிட்டது. தூக்கிப் போட்டேன்.

ஏப்ரல் 16

காலையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண். ஸ்டெஃபான். என் எண்ணை மித்ரோவிடம் வாங்கினானாம்.

"நேத்து பனி. வலப்பக்கம் மேடு இருந்துச்சு. ஏறலாம்னாங்க, நான் விடல. மரத்தடியிலயே கிடந்தோம். மேட்டுல ரெண்டு குண்டு விழுந்துச்சு. நாங்க நாலு பேர். +"

 ஆறு மாதம் கழித்து என் போனில் ஒரு பிளஸ். யோசிப்புடையது இல்லை. 

அக்கா நடைவழியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். போய் போனை நீட்டினேன். கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண்ணாடி இல்லாமல் தள்ளி வைத்துப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"சேத்துக்கால்காரனா?"

ஆமாம் என்றேன்.

"நாலு பேரா?"

நாலு பேர்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மாலையில் வந்து பார்த்தால் என் மேசை துடைத்திருந்தது.

ஏப்ரல் 21

கோயில் வாசலில் அக்கா காத்திருந்தாள், கையில் இரண்டு மெழுகுவர்த்தி. மேலே போகவில்லை. என்னையும் நடத்திக்கொண்டு குட்டை மேசைக்குப் போனாள். இல்கோவுக்கு ஒன்று ஏற்றினாள். அந்தச் சுடரிலேயே இன்னொன்றைப் பற்றவைத்து அதற்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல் நட்டாள்.

"கூடவே வச்சுக்கன்னு நான்தானடி சொன்னேன்" என்றாள். "வச்சுக்கிட்டான்."

அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். சாமியார் வந்து பார்த்துவிட்டு விளக்கை அணைக்காமல் போனார்.

ஏப்ரல் 22

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போனார்கள். கண்ணாடி பூராவும் விரல். புதுத் தேநீர்ப் பொட்டலம் வாங்கி வந்திருந்தேன். அடுப்பை மூட்டப் போனேன், அக்கா தடுத்தாள்.

"இரு. அந்தச் சேத்துக்கால்காரன் இன்னைக்குப் பிளஸ் போட்டானான்னு பாரு. அப்புறம் போடலாம்."