கோவிந்தன் ஏன் சாப்பிடவில்லை

ஆடி 5, திங்கள்

காலையிலிருந்து தூறல். கல்வராயன் மலையே தெரியவில்லை. வெளிநாட்டு வேலைக்காகப் படிக்கும் என் நர்சிங் பிள்ளைகளுக்கு மருத்துவ பிரெஞ்சு இன்னும் வாயில் வரவில்லை. பொம்மையைக் கிடத்தி "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. பொம்மையா பதில் சொல்லும்? இனி பிரெஞ்சு பேசுகிறவர்கள் வீட்டுக்கே போவது. வாங்க: குடை, கொசுவத்தி.

ஆடி 7, புதன்

வடக்கனந்தல். கோவிந்தன் வீடு. புதுச்சேரிக்காரர், பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்துவிட்டு மாமனார் ஊரில் குடியேறியவர். போன மாதம் பக்கவாதம். தமிழ் மொத்தமும் போச்சு, சொன்னாலும் புரியவில்லை. பிரெஞ்சு மட்டும் மிச்சம். இப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள் தெருக்காரர்கள். அவர் கையில் மந்திரித்த கயிறு.

மனைவி கனகம்மாவுக்கு வேறு கவலை. "பாத்ரூம்ல தூக்கும்போது ரெண்டு பேரும் வுழுந்துட்டோம் சார். அன்னிலேந்து தட்டத் தள்ளிக்கினே இருக்காரு. ரெண்டு வாய் கஞ்சி, அவ்ளோதான். எம்மேல கோவம்."

என்னோடு வந்த மாணவி ரேவதி. கரியாலூர்ப் பெண், கடைசி பெஞ்சு. வகுப்பில் ஒரு வாக்கியம் முழுசாகச் சொன்னதில்லை. கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள்: "ஊ அவே-வூ மால்?" எங்கே வலிக்கிறது.

மனிதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டினாரே கொட்டு! எனக்கே பாதி பிடிபடவில்லை. நான் வாயெடுக்குமுன் அவள், மெதுவாகச் சொல்லுங்கள் ஐயா என்று பிரெஞ்சிலேயே. அவரும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இடுப்பு. வலது பக்கம். விழுந்ததிலிருந்து.

108. கள்ளக்குறிச்சி. எக்ஸ்ரே: எலும்பு முறிவு.

இத்தனை வருஷம் பாடம் நடத்தி இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

ஆடி 9, வெள்ளி

நல்ல வெயில். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி. சாப்பிட்டு உடம்பு தேறினால்தான் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். இவரோ இங்கேயும் தட்டைத் தள்ளுகிறார்.

கனகம்மா ரேவதியிடம், "எம்மேல இன்னா கோவம்னு கேளும்மா."

கேட்டாள். பதில் வந்ததும் என்னைப் பார்த்தாள். நீயே சொல்லும்மா என்றேன்.

"கோவமே இல்லியாம், அம்மா. சாப்ட்டா கக்கூசுக்குத் தூக்கணுமாம். தூக்கும்போது நீங்க திரும்ப வுழுந்துடுவீங்கன்னுதான் சாப்டலியாம்."

"அட கிறுக்கு மனுசா!" கனகம்மா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம் அதே தோளில் முகம் புதைத்து அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

கனகம்மா மூக்கைச் சிந்தி, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். "இங்க நர்சம்மாங்க தூக்குவாங்கன்னு சொல்லு."

ரேவதி சொன்னாள். அவர் வாயைத் திறந்தார்.