பாட்டில்களைப் படுக்க வைத்துவிட்டேன்

கோபக்காரிக்கு,

டிப்போவுக்குக் கிளம்புகிறேன். நீ அசந்து தூங்கியதால் எழுப்பவில்லை. சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

அடுப்புக்குப் பக்கத்தில் நான் நிறுத்தி வைத்திருந்த ஒயின் பாட்டில்கள் நான்கையும் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டேன். அங்கே வெயிலும் படாது, சூடும் இல்லை. படுக்க வைத்தால்தான் கார்க் மூடி நனைந்தே இருக்கும், காய்ந்து சுருங்கி உள்ளே காற்றை விடாது என்று உன் நோட்டில் எழுதியிருந்தாய். கேட்காமல் எடுத்துப் படித்தேன்.

நேற்று நீ ஒயினை ஒரு வாய் சுவைத்துவிட்டு, “பென்சில் சீவின வாசனை வருது” என்றபோது, “அப்போ இத ஸ்டேஷனரி கடையிலயா வாங்கின?” என்று உன் அண்ணன் முன்னால் கேட்டிருக்கக் கூடாது. நீ, “நான் பரீட்சைக்கே போகல, போதுமா?” என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

அப்புறம் மிச்சத்தை நானும் ஒரு வாய் வைத்துத் துப்பினேன். நாக்கும் ஈறும் வறண்டு இறுகின. அதற்குக் காரணம் டானின் என்ற பொருளாம். அதிகம் கொதித்த டீ எனக்குத் தினமும் செய்வது அதைத்தான். பெயர்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

ஓட்டலில் ஒயின் பரிமாறும் வேலை உனக்குத்தான் பொருந்தும். அதற்கான பரீட்சை இன்று மூன்று மணிக்கு. சென்ட் போடாதே, மூக்கு குழம்பும்.

பி.கு: பரீட்சை நடக்கும் இடத்துக்குப் போகும் பேருந்தை இன்று ஓட்டக் கேட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டேகாலுக்கு நம் நிறுத்தத்துக்கு வருவேன். நீ அங்கே இல்லாவிட்டாலும் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி வைப்பேன். பயணிகள் திட்டினால் திட்டட்டும்.