காக்கைக்கு வைத்த சோறு

ஊரப்பாக்கம்

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

சித்தப்பாவுக்குச் சர்க்கரை என்று இந்த வீட்டில் சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கும் முட்டையும் முட்டைக்கோஸும்தான். பசிக்கிறது என்றால், "இடுப்பப் பாரு. சோத்தக் குறைச்சாதான்டி பொண்ணு மாதிரி இருப்ப" என்று சித்தி சிரிக்கிறார்.

இன்று அமாவாசை. சித்தி அம்மா படத்துக்கு மாலை போட்டு, காக்கைக்கு மட்டும் ஒரு பிடி சோறு வடித்தார். மொட்டைமாடியில் காக்கையை விரட்டிவிட்டு அதை நானே தின்றுவிட்டேன். சித்தி பார்த்துவிட்டார். "பெத்தவளுக்கு வெச்சதையேவாடி புடுங்கித் தின்ன?" என்றார்.

போனில் எதுவும் கேட்காதீர்கள், ஸ்பீக்கரில் போடுவார். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் அவல் கொடுத்தனுப்புங்கள். புத்தகப் பையில் ஒளித்துக்கொள்வேன்.

சித்தி அறையில் விளக்கு எரிகிறது, முடிக்கிறேன். அம்மா பசியோடு திரும்பியிருப்பாளா, அப்பா?

ஜீவிதா