வலி நின்ற சாயங்காலம்

மதினி,

என் பித்தவெடிப்புக்குத் தடவ மருமகள் விளக்கெண்ணெய் வாங்கி வந்திருக்கிறாள். புட்டியைத் திறந்ததும் அந்த வாடை வீடு முழுக்கப் பரவிவிட்டது. "மூடுட்டி அத!" என்று நான் போட்ட சத்தத்தில், பாவம், மிரண்டுபோனாள். உங்களைப் பற்றி அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. உங்களிடமே சொல்லிக்கொள்கிறேன்.

சுந்தரபாண்டியபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அண்ணன் பெண்டாட்டியாக நீங்கள் வந்தபோது நான் தென்காசிப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீங்கள் அரிசி புடைக்கும்போது நான் பாடத்தைச் சத்தம்போட்டு வாசிக்க வேண்டும். செரிமானப் பாடம் என்றால் உங்களுக்கு உயிர். வாயில் ஊறும் எச்சிலிலேயே வேலை தொடங்கிவிடுகிறது, இரைப்பை சோற்றைப் பிசைந்து கூழாக்குகிறது, ஈரலிலிருந்து பித்தம் வந்து சேர்கிறது, சிறுகுடல் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் விடுகிறது, மிச்சத்திலுள்ள தண்ணீரைப் பெருங்குடல் இழுத்துக்கொள்கிறது என்று வாசிக்க வாசிக்க, சுளகு அப்படியே கையில் நிற்கும்.

"நம்ம தூங்குதப்பவும் இம்புட்டு வேல நடக்குதாட்டி? நம்மள மாதிரியே அதுக்கும் லீவு கெடையாது பாரு."

படத்தில் இரண்டு குடலும் சேரும் இடத்தில், வலப்பக்கம், ஒரு சின்ன வால் தொங்கியது. குடல்வால், இதற்கு வேலை ஒன்றும் இல்லை என்று புத்தகத்தில் ஒரே வரி. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "வேல வெட்டி இல்லாம உள்ள உக்காந்து சாப்பிடுதா? அது உங்க அண்ணன்தாட்டி!" அண்ணன் முற்றத்தில்தான் நின்றார். காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

அந்த ஆடிச் சாரலில் எல்லோரும் குற்றாலத்துக்கு வண்டி கட்டினோம். அருவியில் குளித்தால் எடுக்கும் பசிதான் தெரியுமே. பாறையில் உட்கார்ந்து புளிச்சோறும் துவையலுமாக ஒரு பிடி பிடித்தீர்கள். மறுநாள் காலையில் தொப்புளைச் சுற்றி வலி. யாருக்குச் சந்தேகம் வரும்?

"புளிச்சோறு செமிக்காமக் கெடக்கு. உள்ள கெடக்கது வெளிய வந்துட்டா எல்லாம் சரியாப் போவும்" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் எந்த வயிற்று வலிக்கும் ஒரே வைத்தியம், பேதிக்கு எடுப்பது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெயைக் குடித்தீர்கள். மத்தியானத்துக்குள் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்துகொண்டன. முதலில் கொடுத்தது போதவில்லை என்று அம்மா இன்னொரு தடவை ஊற்றினாள். உங்கள் தலையை மடியில் வைத்து, விசிறிக்கொண்டே ஊற்றினாள். பெற்ற மகளுக்குச் செய்கிற மாதிரிதான் செய்தாள் மதினி.

வெயில் தாழ்ந்ததும் அண்ணன் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டினார். சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அலறினீர்கள். என் கையில் உங்கள் நகம் பதிந்து ரத்தம் வந்தது. குளத்தங்கரையைத் தாண்டியதும் சட்டென்று அடங்கிவிட்டீர்கள். பயந்து குனிந்து பார்த்தேன். சிரித்தீர்கள்.

"ஏட்டி, வலி போயிட்டு!"

"நெசமாவா?" என்று அண்ணன் திரும்பிக் கேட்டார்.

"நெசமாத்தான். வண்டியத் திருப்புங்க. செமிக்காததுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரு சிரிக்கும்."

இன்னொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் அவர் திருப்பினார். எவ்வளவு சந்தோஷமாகத் திரும்பினோம்! அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டாள். நீங்கள் இரண்டு வாய் ரசம் குடித்துவிட்டுப் படுத்தீர்கள்.

விடிந்தபோது உங்கள் வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. கைகால் சில்லிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணன் விளக்கெண்ணெய் கொடுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வலி எப்போ நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார். நேற்றுச் சாயங்காலம் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"குடல்வால் வீங்கிப் பழுத்திருக்கு. பேதி மருந்து குடலைப் போட்டு முறுக்கவும் அது வெடிச்சிட்டு. வெடிச்சதும் கொஞ்ச நேரம் வலி அடங்கும். அதைச் சரியாப் போச்சுன்னு நெனச்சிட்டீங்க. சீழ் வயிறு பூராவும் பரவிட்டு."

வயிற்றைக் கிழித்தும் பிரயோஜனம் இல்லை. அதே வண்டியில், சாரலில் நனைந்தபடி உங்களை ஊருக்குக் கொண்டுவந்தோம்.

அதற்குப்பின் அண்ணன், சாகும்வரை, பேச்சுக்கு நடுவே சம்பந்தமில்லாமல் "ரெண்டு தடவ கேட்டனே" என்பார். அம்மாவோ, யார் வயிற்றைப் பிடித்தாலும் "வண்டியப் பூட்டுங்கலே" என்று தெருவுக்கு ஓடினாள். எனக்குக் கோபமெல்லாம் அந்தப் புத்தகத்தின் மேல்தான். வேலை ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுதியவன், அது பழுத்தால் ஆளையே கொன்றுவிடும் என்று இன்னொரு வரி எழுதினால் கையா ஒடிந்துபோகும்? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பிள்ளைகள் பெற்றேன், பேரப்பிள்ளைகளும் வந்தாயிற்று. வயிறு வலிக்கிறது என்று ஒன்று அழுதால் வீடே பதறும். நான் அதை மடியில் போட்டுக்கொண்டு, "அழு, நல்லா அழு" என்பேன். அழுகை ஓய்ந்து பிள்ளை சிரித்ததும் எல்லோரும் அப்பாடா என்று எழுந்து போவார்கள். எனக்குப் பயமே அப்போதுதான் தொடங்கும், மதினி. அதன் வயிற்றில் கையை வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.