முற்றுப்புள்ளியின் நாலு வரி

மார்ச் 3
கைப்பேசியைத் தாளின்மேல் பிடித்தால் எங்கள் மென்பொருள் எழுத்தை உரக்க வாசிக்கும். பார்வையற்றவர்களுக்காக, இலவசமாக. உலகமே சேர்ந்து எழுதுவதாகப் பீற்றிக்கொள்வோம். உண்மையில் இரண்டே பேர்: நானும், வேறொரு நாட்டிலிருக்கும் முற்றுப்புள்ளியும். என் குறிப்புகளில் விட்டுப்போன புள்ளியைக்கூடத் திருத்துவார், அதனால் அந்தப் பெயர். ஆறு வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை.

மார்ச் 9
அவர் நாட்டின்மீது பொருளாதாரத் தடையாம். எங்கள் அமைப்பின் வக்கீல் போனில் அழைத்து, பங்களிப்பாளர் பட்டியலிலிருந்து அவரை நீக்கச் சொன்னார். மென்பொருளில் பாதி அவர் எழுதியதாயிற்றே என்றேன்.
"எழுதினது இருக்கலாம் சார். எழுதினவர்தான் இருக்கக் கூடாது."
பால் வேண்டும், மாடு மட்டும் ஆகாது.

மார்ச் 10
நீக்கிவிட்டேன். ஒரே சொடுக்கு. பெரிய வீரன் நான்.

மார்ச் 12
ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்த பிறகே வெளியிடுவது எங்கள் வழக்கம். இன்று அவர் பகுதியில் நான் செய்த மாற்றத்தை நானே பார்த்து, நானே மெச்சி, வெளியிட்டேன்.

மார்ச் 21
அத்தானுக்குக் கண் தெரியாது. அக்கா வேலைக்குப் போனபின் எங்கள் மென்பொருள்தான் துணை. புதுப் பதிப்பு எதைக் காட்டினாலும் கடைசி வரியை விழுங்கிவிடுகிறது. மருந்துப் பெட்டியில் 'வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது' என்பதுதான் கடைசி வரி. அத்தான் மத்தியானம் முழுக்க வாந்தி.
"இதை எழுதினது நீதானேடா?" என்றாள் அக்கா.
இல்லை — அந்தப் பகுதி முற்றுப்புள்ளி எழுதியது. கெடுத்தவன் நான். புரியாத இடத்தில் எதுக்குடா கை வச்ச என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 24
மூன்று நாள் முட்டி மோதியும் பிடிபடவில்லை. முற்றுப்புள்ளி தன் இணையப் பக்கத்தில் திருத்தத்தை ஊரறியப் போட்டிருக்கிறார். நாலே வரி. எடுக்கலாமா என்று வக்கீலைக் கேட்டேன். கூடவே கூடாதாம். ஆனால் அதே மாதிரி எனக்கே 'தோன்றினால்' தடையில்லையாம்.
தோன்றியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தோன்றிவிட்டது.

மார்ச் 25
முற்றுப்புள்ளியிடமிருந்து மின்னஞ்சல். "சரியா இருக்கு. குறிப்புல மட்டும் ஒரு புள்ளி விட்டுப்போச்சு." அவ்வளவுதான். திட்டித் தொலைச்சிருக்கலாம் மனுஷன்.

ஜூன் 2
அமைப்பு சான்றிதழ் அனுப்பியிருக்கிறது. ஆண்டின் சிறந்த பங்களிப்பாளராம், அந்த நாலு வரிக்காக. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தான் கைப்பேசியை அதன்மேல் பிடித்தார். மேலிருந்து நிதானமாக வாசித்துக்கொண்டே வந்தது. கடைசி வரியில் என் பெயர். இந்த ஒரு தடவையாவது விழுங்கக் கூடாதா என்று காத்திருந்தேன்.
தெளிவாகச் சொன்னது.