பல் டாக்டரம்மா படித்து நிறுத்திய பக்கம்

நவம்பர் 28

என் அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், என் வண்டியும் இந்த வாரம் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு இந்தத் தடவையும் வர முடியாது, அம்மாவுக்கு என் சார்பில் ஏதாவது வாங்கிக் கொடுங்கள், அவள் படிக்கிறவள், பூச்சாடி கீச்சாடி வேண்டாம், உபயோகமான பொருளாக இருக்கட்டும் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாய். கழுத்து வளைகிற விளக்கு, புத்தகம் தாங்கி, எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி, காலுக்குப் போர்வை. ஆள் தெரிந்துதான் கேட்டிருக்கிறாய். நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதை இரண்டு தடவை படித்ததால் கணக்குப்படி ஒன்பதாவது. அதோடு இருபத்தாறு வருடமாக வீடு மாற்றும் வண்டியில் சாமான் ஏற்றி இறக்குகிறேன். வாத்தியார்கள் தலையில் ஏற்றிய புத்தகத்தைவிட நான் தோளில் ஏற்றிய புத்தகம் அதிகம். போன மாதம்கூட ஒரு நீதிபதி வீட்டில் பதினொரு அலமாரிப் புத்தகத்தைத் தனியாளாக நாலு மாடி இறக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சட்டம் படித்திருக்க வேண்டியவர் என்றார். உன் அம்மாவைக் கேட்டால் அலமாரி மூன்று, மாடி ஒன்று, அவர் நீதிபதி இல்லை, கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர் என்பாள். அவள் அப்படித்தான். படிக்கிறவர்களுக்குக் கற்பனை கம்மி.

உன் பட்டியலைவிட ஒரு படி மேலே போய்விட்டேன். விளக்கு உண்டு, கழுத்தை எப்படித் திருப்பினாலும் அப்படியே நிற்கும். கண்ணாடி உண்டு, கால் வைத்தது, கையால் பிடிக்க வேண்டாம். ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அதுதான் நல்லது. அகலமான நாற்காலி ஒன்று. கைப்பிடியில் ஒரு பலகை, திருப்பினால் மடிக்கு மேல் வந்து நிற்கும், விளிம்பு இருப்பதால் புத்தகம் வழுக்காது. மணல் நிரப்பிய சின்னத் துணிப்பை ஒன்று, விரல் நீளம். திறந்த பக்கத்தின் மேல் போட்டால் புத்தகம் தானாக மூடாது, உன் அம்மாவின் மணிக்கட்டு வலிக்கு ஓய்வு. உன் சினேகிதிகள் யாராவது படிக்கிறவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் சொல்: புத்தகம் கொடுக்காதே, அது அவர்களிடம் இருக்கும். உட்கார இடம் கொடு, வெளிச்சம் கொடு, கைக்கு ஓய்வு கொடு.

கூடவே ஒரு தடித்த நாவலும் வைத்தேன். நானூற்று எண்பது பக்கம். அதில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் அடையாளத் துண்டு இருந்தது. பல் எக்ஸ்ரே படத்தை நீளவாக்கில் வெட்டியது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு வரிசைப் பல் தெரிகிறது. நான் அதைத் தொடவில்லை. நீ ஏழாவது படிக்கும்போது உன் புத்தகத்தில் வைத்திருந்த பஸ் டிக்கெட்டை உருவிக் காது குடைந்தேன் என்று மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தாயே. படிக்கிறவர்கள் அடையாளம் வைத்த இடத்தில் அடுத்தவன் கை வைக்கக் கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

எங்கே வாங்கினேன் என்று கேட்காதே. படிக்கிறவர்களுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. எல்லோரையும் உள்ளே விட மாட்டார்கள். என்னை விட்டார்கள்.

நீ நூறு வயது வாழ வாழ்த்தும்,
உன் மாமன்

டிசம்பர் 9

அன்பு மருமகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. மாமா சொன்னால் பத்தில் ஏழைக் கழித்துக்கொள்ள வேண்டும், ஆனாலும் நன்றி என்று எழுதியிருந்தாய். போகட்டும். அம்மா போனில் சந்தோஷமாகப் பேசினாள் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய். எழுத்து என்றால் திரும்ப ஒரு தடவை படிப்பாய்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கடை கிடை ஒன்றும் இல்லை. நாங்கள் காலி செய்த ஒரு வீடு அது. பல் டாக்டரம்மா ஒருவர், தனியாள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அண்ணன் மகன் வந்து நின்று காலி செய்தான். சுவர் முழுக்க இருந்த புத்தகத்தை எல்லாம் நூலகத்துக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலோரம் அந்த அம்மா மதிய நேரம் உட்கார்ந்து படிக்கிற மூலையைக் காட்டி, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். உன் பட்டியல் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. நாற்காலி, விளக்கு, கண்ணாடி, பலகை மேல் திறந்தபடி இருந்த நாவல், அதன் மேல் மணல் பை. மூலையை மூலையாகவே பெயர்த்துக் கொண்டுவந்து உன் அம்மா வீட்டு ஜன்னலோரம் வைத்தேன்.

எங்கள் லாரியை ஓட்டும் வண்டிக்கார அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் வீட்டில் பாதியில் நிற்கிற புத்தகத்தை அப்படியே ஏற்ற விடமாட்டார். அடையாளத்தை உருவி அந்த வீட்டு ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, புத்தகத்தை மூடி, அப்புறம்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. அன்றைக்கு அவர் கீழே கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான்தான், படிக்கிறவர்கள் மரியாதை எனக்குத் தெரியும் என்று, துண்டை உள்ளேயே விட்டு மூடினேன்.

உன் அம்மா முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அவளுக்கு ஒரு நூல் கயிறு அடையாளம். அந்தப் பல் துண்டை, யாரோ வைத்தது இருக்கட்டும் என்று எடுக்கவில்லை. நாலு நாள் கழித்துப் போனேன். என்னைப் பார்த்ததும், "டேய், வந்தா சும்மா உட்கார மாட்டியா? அந்தத் துண்டை எதுக்கு மாத்தி மாத்தி வைக்கிற?" என்றாள். துண்டு இருநூற்று நாற்பத்தெட்டில் இருந்தது. நான் தொடவில்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை. நான் சொல்லி அவள் எதை நம்பியிருக்கிறாள்?

மறுநாள் மதியம் நானே அந்த அறையில் காவல் உட்கார்ந்தேன். நாற்காலியில் இல்லை, எதிரே முக்காலியில். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து டீ எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். எழுந்து போய் டம்ளரை வாங்கித் திரும்பினேன், அவ்வளவு நேரம்தான். மூடி வைத்த புத்தகம் திறந்திருந்தது. மணல் பை பக்கத்தின் மேல் கிடந்தது. விளக்கு எரியவில்லை, ஆனால் அதன் தகரக் குடை தொட முடியாத சூடு. துண்டு ஒன்பது பக்கம் தள்ளி இருந்தது.

இதில் கழிக்க ஏழு இல்லை, ஒன்றுகூட இல்லை. நீதிபதி விஷயத்தில் கழித்துக்கொள்.

டீ என் சட்டையில் கொட்டியது. உன் அம்மா பார்த்தாள். பயப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தினம் ஒம்பது பக்கம். நிதானமா படிக்கிறவங்க போல," என்றாள். அப்புறம், "இந்த வீட்ல என்கூடப் படிக்க ஆள் வந்து எத்தனை வருஷம் ஆச்சு," என்றாள்.

இன்றைக்குத் துண்டு முந்நூற்று இரண்டில் இருக்கிறது. உன் அம்மா நூற்று அறுபதில் இருக்கிறாள். எட்டிப் பிடித்துவிடுவேன் என்கிறாள். சமைப்பதைக் குறைத்துவிட்டாள். நேற்று நான் கொண்டுபோன சாப்பாடு மூடியபடியே இருந்தது. ஒரு தடவை போன் பண்ணு. கொஞ்சம் நீளமாகப் பேசு.

உன்னையும் அவளையும் நினைத்தபடியே இருக்கும்,
மாமன்

டிசம்பர் 18

மருமகளே,

நலம் விசாரிக்க நேரமில்லை. நீ நலமாக இரு.

போன் பண்ணினேன், அம்மா நன்றாகப் பேசினாள், கொஞ்சம் அவசரத்தில் இருந்தாள் என்று எழுதியிருந்தாய். என்ன அவசரம் என்று கேட்டாயா? நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன்னோடு பேசும்போதும் அவள் கண் பலகையில்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை முந்நூற்று நாற்பதுக்கு வந்து சேர்ந்தாள். அதற்கு முந்தைய நாளிலிருந்து அந்தத் துண்டு நகரவே இல்லை. இவளுக்காக நின்றது. இப்போது நூல் கயிறும் பல் துண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, தினமும். சேர்ந்து படிக்க ஆரம்பித்த பிறகு வேகம் குறைந்து, நாளைக்குப் பதினைந்து பதினாறு பக்கம்தான் போகிறது. உன் அம்மா நாற்காலியின் இடது பக்கமாக ஒடுங்கி உட்காருகிறாள். நடுவில் உட்காரேன் அக்கா, முதுகு வலிக்கும் என்றேன். தலையைத் தூக்காமல், இடிக்கும்டா என்றாள். ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் உடனே திருப்புவதில்லை. கையைப் பக்கத்தின் நுனியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள். அப்புறம் திருப்புகிறாள்.

திங்கட்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் என் வண்டிப் பெட்டியில் பூட்டி வைத்தேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. மறுநாள் காலையில் போனால் அதே நாற்காலியில், வெறும் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கண் இடமிருந்து வலமாக ஓடுகிறது, கீழே இறங்குகிறது, மறுபடி மேலே போகிறது. கை காற்றில் பக்கம் திருப்புகிறது. நான் எண்ணினேன். நான் நின்ற நேரத்தில் மூன்று தாள். ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே புத்தகத்தில் கயிறும் துண்டும் இரண்டும் சேர்ந்து நகர்ந்திருந்தன. கொண்டுவந்து பலகையில் வைத்துவிட்டேன். வெறும் பலகையை அவள் படிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

நேற்று அவளாகவே பேசினாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கு என்றாள். முடிந்ததும் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அவங்க வீட்ல சுவர் முழுக்கப் புத்தகமாம். வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. நானும் சரின்னுட்டேன்," என்றாள்.

அந்த வீட்டில் ஒரு தாள்கூட இல்லை, தாயே. நான்தான் காலி செய்தேன். கடைசியில் அறை அறையாகப் பெருக்கிச் சாவியைக் கொடுத்ததும் நான்தான்.

வண்டிக்கார அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை, ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போது துண்டை உருவினால் ஆகாதா என்று கேட்டேன். "அன்னிக்கு உருவியிருந்தா அந்த டாக்டரம்மா ஒருத்தர்தான், புத்தகத்தை விட்டு வெளியே வந்திருப்பாங்க. இன்னிக்கு உருவினா ரெண்டு பேரும் உள்ளேயே நின்னுடுவாங்க தம்பி," என்றார். அப்புறம், "முடியறதுக்குள்ள உங்க அக்காவே புத்தகத்தைக் கீழ வைக்கணும். அவங்க யாருக்காக வைப்பாங்க?" என்று கேட்டார்.

நான் வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் யோசித்தேன். உன் அப்பா இருந்தவரைக்கும் அவருக்காகக்கூட அவள் அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். எனக்காக? ஐம்பது வருடமாக அக்கா அக்கா என்று கூப்பிடுகிறேன். ஒரு நாளும் அந்த வரியை முடிக்காமல் நிமிர்ந்ததில்லை. என் கதைகள் எல்லாம் அவள் தலையைத் தூக்க வைக்க நான் கட்டியவைதான். நீதிபதியும் சரி, மற்றதும் சரி.

நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மட்டும் அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடுவாள். எந்த இடத்தில் விட்டோம் என்றுகூடப் பார்க்கமாட்டாள். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்று மதியம் இருவரும் நானூற்று நாலாம் பக்கம். இன்னும் எழுபத்தாறு இருக்கிறது. ஐந்து நாள். போனில் சொன்னால் ஏழைக் கழித்துவிட்டுச் சிரிப்பாய் என்றுதான் இதையும் எழுதுகிறேன்; இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு நாள், ரயில் ஒரு நாள். நாலு வருடமாக உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எப்படிக் கேட்பாய் என்று தெரியாது. மாமாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கேள். அது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, என் பேரில் ஒன்று கூடிவிட்டுப் போகட்டும்.

ஸ்டேஷனில் வண்டியோடு நிற்பேன். வீட்டுக்கு வந்ததும் வாசல் மணியை அடிக்காதே, அந்தச் சத்தம் இப்போது அவளுக்குக் கேட்பதில்லை. படியேறும்போதே கூப்பிடு. சின்ன வயதில் முதல் திருப்பத்திலிருந்தே தெரு கேட்கக் கூப்பிடுவாயே, அப்படி. உள்ளே போனதும் எதைப் பார்த்தாலும், யாரைப் பார்த்தாலும் நிறுத்தாதே. அவள் நிமிர்கிற வரைக்கும் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இரு.

நீ நல்லபடியாக, சீக்கிரமாக வந்து சேர வேண்டும். என் ஆயுளில் மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ அதை உனக்கும் அவளுக்கும் பங்கு வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

வழி பார்த்துக்கொண்டு,
உன் மாமன்